சின்னாள் மடவாசமும் திருத்தொண்டும்

இல்லறத்தில் நிற்பான் ஒருவன், துறவு பூணுங் கருத்துச் சிறிதுமின்றி, பத்து நாளோ ஒரு திங்களோ ஒரு திருமடத்திற் சென்று தங்குகின்றான். அங்குள்ளார் உண்ணும் உணவையே உண்டு, அவர் எழும் வைகறையிலேயே எழுந்து, அவர் ஏவும் பணியைச் செய்து, குறித்த நாள் கழிந்தவுடன் தன் மனைக்கு மீள்கின்றான். அவன் அங்குச் செய்தது யாது? திருத்தொண்டு என்பதா, அன்றி ஊர் மாறிச் சிலநாள் உறங்கிவரும் உல்லாசப் பிரயாணத்துள் ஒருவகை என்பதா? இவ்வினாவே ஈண்டு ஆராயப்படுவது.

தேனி நாட்டிலும் அதனைச் சார்ந்த கம்பம் பள்ளத்தாக்கிலும் இது வெறும் ஏட்டு வினாவன்று. தேனியை அடுத்த வேதபுரியிலே, சுவாமி சித்பவானந்தர் பெயரால் ஓர் ஆசிரமம் உள்ளது. 2021-ஆம் ஆண்டு மறைந்த ஓங்காரானந்த சுவாமிகளால் வளர்க்கப்பெற்ற அவ்விடத்துத் தக்ஷிணாமூர்த்தி சந்நிதியில் வழிபடவும் பாடங் கேட்கவும் பல ஊரினின்றும் அன்பர் வருகின்றனர். சித்பவானந்தர் 1942-ஆம் ஆண்டு காவிரிக்கரையிலுள்ள திருப்பராய்த்துறையில் தபோவனம் நிறுவியவர். இல்லறத்தார் ஒருநாள் முழுதும் தம் தொழிலையும் பேச்சையும் விட்டு வழிபாட்டிலும் சிந்தனையிலும் இருத்தற்கு ‘அந்தர்யோகம்’ என்னும் ஏற்பாட்டைத் தமிழ்நாட்டிற் பரப்பியவர். பெரியகுளத்துக்கு வடக்கே ஓங்கி நிற்கும் மலைத்தொடரின்மேல், கொடைக்கானலை அடுத்த பெருமாள்மலையிலே, இயேசு சபைத் துறவியாகிய அமா சாமி என்பார் 1996-இல் நிறுவிய தியான இல்லம் ஒன்றுண்டு. அங்குச் சென்று தங்குவோர் தியானத்தில் அமர்வதோடு நாடோறும் கையால் வேலை செய்தலும் வேண்டும். இவையிரண்டும் சைவ சித்தாந்த மடங்களல்ல. ஒன்று வேதாந்தத்தைச் சார்ந்தது. மற்றொன்று புத்தரின் தியான நெறியை ஒரு கிறித்தவத் துறவி மேற்கொண்டமையால் எழுந்தது. ஆயினும் எழுகின்ற வினா எல்லார்க்கும் பொதுவேயாம். சைவர்களிடத்திலோ, விடுமுறை நாளிற் பழங்கோயில்களிற் கூடி, விமானத்திலும் மதிலிலும் வேர்விட்ட ஆலஞ்செடி அரசஞ்செடிகளைக் களையும் உழவாரத் திருக்கூட்டங்கள் பலவாகப் பெருகியுள்ளன. சென்னையிலும் பெங்களூரிலும் கணிப்பொறி அலுவல் பார்க்கும் இளைஞர் விடுப்பு எழுதிக்கொடுத்து இவ்வாறு வருகின்றனர். வருவோர் உள்ளத்தில் அன்பு இல்லை என்று யாவரும் கூறார். அன்பு உண்டாதலினாலேயே இதனை ஆராய்தல் வேண்டும்.

இதற்கு மாறாகக் கூறப்படும் கூற்றுக்கள் இரண்டு. ஒருசாரார், “மீளுவதற்கென்றே நாள் குறித்துக்கொண்டு செல்வது துறவுமன்று, இல்லறமுமன்று, நீரில் இறங்காது கரையில் நின்று கால் நனைப்பது போன்றது” என்பர். மற்றொருசாரார், “தன் வீட்டில் ஒரு செம்பு தண்ணீர் எடுத்துக் கொடாதவன் மடத்திற் சென்று குடங்குடமாக நீர் சுமப்பானாயின், அது பிறர் காணச் செய்யுங் கூத்தேயாம்” என்பர். முன்னையது எளிதில் விடை பெறும். பின்னையது அத்துணை எளிதன்று.

முன்னையதற்கு விடை வருமாறு. சைவ நெறியிற் சரியை, கிரியை, யோகம், ஞானம் என்னும் நான்கும் துறந்தார்க்கே உரியவை என யாண்டும் விதியில்லை. தாசமார்க்கமெனப் பெறும் சரியையோ உடம்பும் கையும் உடையார் எல்லார்க்கும் திறந்த வாயில். திருவலகிடுதல், மெழுகுதல், பூக்கொய்தல், அடியார்க்கு ஏவல் செய்தல் என்னும் இவற்றுள் ஒன்றேனும் நாள்வரையறையால் கெடுவதன்று. ஒருநாள் மெழுகினும் மெழுகிய நிலம் மெழுகியதே. சரியையின் பயன் சாலோகம் என்பர். அஃதாவது தலைவன் இருக்கும் உலகத்தில் இருக்கப்பெறுதல். அடியார் இருக்குமிடத்திற் சிலநாள் இருத்தல், அப்பயனுக்கு இம்மையிலே கிடைத்ததொரு சிறு சாயல் எனக் கொள்ளுதல் தகும். அன்றியும், அடியார் கூட்டம் தொடக்கநிலையார்க்கு மட்டும் வேண்டுவது எனக் கருதற்க. சிவஞானபோதம் அன்பரோடு மருவியிருத்தலையும், அவர் திருவேடத்தையும் ஆலயத்தையும் அரனெனவே தொழுதலையும் பன்னிரண்டாஞ் சூத்திரமாகிய இறுதிச் சூத்திரத்தில் வைத்தது. மலங்கழுவப்பெற்றவனுக்கே அக்கூட்டம் இன்றியமையாதது என்றால், அலுவலும் கடனும் வழக்குமாக ஆண்டு முழுதும் அலைபவனுக்குப் பத்துநாட் கூட்டம் வேண்டா என்று கூறுதல் எங்ஙனம் அமையும்?

தாய்லாந்திலே இவ்வழக்கம் நாடு முழுவதற்கும் உரியதாய் நிற்கின்றது. அங்கு ஆடவர் பலர், இளமையில் ஒருமுறை, மழைக்காலத்து மூன்று திங்களோ அதனிற் குறைந்த நாட்களோ காவியுடுத்துப் பிக்ஷுக்களாய் இருந்து, பின்னர் இல்லறத்துக்கு மீள்வர். அந்நாட்டு மன்னர் பூமிபல் 1956-ஆம் ஆண்டு பதினைந்து நாள் பிக்ஷுவாய் இருந்து பிச்சையேற்றுண்டார். மீண்டும் அரியணைக்கு வந்தார். அதனாற் பிக்ஷு சங்கம் இழிந்துவிட்டதாக அந்நாட்டார் கருதவில்லை. நம் நாட்டிலோ காவி தரித்தல் மீளாத துறவுக்கே உரியது. ஆதலின் சின்னாள் தங்குவோன் காவி உடுத்தல் பொருந்தாது. தன் வெள்ளை வேட்டியோடே இருந்து பணி செய்தலே முறை. இவ்விடத்தில் நம் முன்னோர் கொண்ட வரையறையே செவ்விது.

இனி, தொண்டு எதனால் தொண்டாகின்றது என்பதை நோக்குதல் வேண்டும். மடத்தில் உண்பவன் வேலை செய்வது உண்ட சோற்றுக்கு விலையா? அங்ஙனமாயின் அது கூலி; தொண்டன்று. வேலை செய்யாது உண்பானாயின் அது என்ன? இவ்விரண்டு முடிச்சுக்களையும் ஒருங்கே அவிழ்ப்பது திருவீழிமிழலையில் நிகழ்ந்த வரலாறு.

நாட்டிற் பஞ்சம் வந்த காலத்தே திருஞானசம்பந்தரும் திருநாவுக்கரசரும் அவ்வூரில் தனித்தனித் திருமடங்களில் எழுந்தருளியிருந்தனர். இறைவன் நாடோறும் இருவர்க்கும் படிக்காசு அருள, அதனைக்கொண்டு பண்டம் வாங்கி அடியார்க்கு அமுது ஊட்டப்பட்டது. நாவுக்கரசர் மடத்தில் அடியார் உரிய காலத்தில் உண்டனர். பிள்ளையார் மடத்திலோ காலந் தாழ்த்தது. காரணம் வினவிய பிள்ளையார்க்கு, இம்மடத்துக் காசுக்கு வணிகர் வாசி கேட்கின்றனர், அரசருடைய காசை வாசியின்றிக் கொள்கின்றனர் என்று விடை கிடைத்தது. அரசர் கைத்திருத்தொண்டு செய்வதனாலேயே அவர் காசு வாசியின்றி அமைந்தது எனப் பெரியபுராணம் உரைக்கும். பின்னர்ப் பிள்ளையார் பதிகம் பாடி வாசி தீரப்பெற்றார்.

இதனை ஊன்றி நோக்குக. காசு இருவர்க்கும் வந்தது. உணவு வேலையைப் பொறுத்ததாயின் பிள்ளையார்க்குக் காசே வந்திராது. ஆகவே மடத்துச் சோறு கூலியன்று. எனினும் கையால் உழைத்தார்க்கும் உழையாதார்க்கும் ஒரு வேறுபாடு வைக்கப்பட்டது. உமையம்மை ஞானப்பாலூட்டிய குழந்தைக்கும் அவ்வேறுபாடு விலக்கப்படவில்லை. மற்றும் ஒன்று கவனிக்கத்தக்கது. தம் காசு உயர்ந்ததென்பது நாவுக்கரசர் சொல்லி வெளிப்பட்டதன்று. கடைத்தெருவிலே, பண்டம் வாங்கச் சென்றார் வாயிலாகவே வெளிப்பட்டது. தொண்டின் மதிப்புத் தொண்டு செய்தவன் கணக்கேட்டில் எழுதப்படுவதன்று என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இக்காலத்தில் அக்கணக்கேடு பலர் கையிற் கைப்பேசி வடிவாக இருக்கின்றது. துடைப்பத்தை எடுத்தவுடன் படம். வெட்டிய செடிகளைக் குவித்தவுடன் படம். கோயில் தூய்மையாயிற்று என்பதிற் பிழையில்லை. அதனைப் பிறர் கண்டு தாமும் வருதல் கூடும் என்பதும் மெய்யே. ஆயினும் திருப்புகலூரில் உழவாரம் நுழைந்த இடமெல்லாம் பொன்னும் மணியும் கிடந்தபோது, அரசர் அவற்றைப் பருக்கைக் கற்களோடு ஒருங்கே வாரிக் குளத்தில் எறிந்தார். தொண்டினிடையே கிடைக்கும் புகழ்ச்சியும் அப்பொன்னைச் சேர்ந்ததுதான். அதனைக் குனிந்து பொறுக்கும் நேரத்திற் கை உழவாரத்தை விட்டுவிடுகின்றது.

ஆணவம் மடத்து வாயிலில் செருப்போடு கழற்றி வைக்கப்படுவதன்று. அது உள்ளேயும் கூட வரும். வந்து நல்ல வேடம் பூணும். “சமையற்கூடத்து வேலை எனக்கு வேண்டா, நூல்நிலையத்திற் பணி தருக, நான் கற்றவன்” என்று கேட்பது ஒரு வேடம். “எனக்கு மிகக் கடினமான வேலையே தருக” என்று கேட்பது மற்றொரு வேடம். பின்னையது முன்னையதினும் நுண்ணியது. சகலாகம பண்டிதர் எனப் பெயர்பெற்ற அருணந்தி சிவாசாரியார், திருவெண்ணெய்நல்லூரில் மெய்கண்டார் மாணவர்க்கு ஆணவமலத்தின் இயல்பைக் கூறிக்கொண்டிருந்தபோது சென்று நின்று, அம்மலத்தின் உருவம் யாது என்று வினவினார் என்றும், மெய்கண்டார் வாய் திறவாது அவர் நின்ற நிலையையே சுட்டினார் என்றும் மரபு கூறும். மடத்திற் சென்று தங்குவோன் பெறத்தக்க முதற் பாடம் அதுவே. சிவஞானபோதம் பத்தாஞ் சூத்திரம் கூறும் இறைபணி நிற்றல் என்பது பணியைத் தெரிந்துகொள்ளுதலன்று, பணியில் நிற்றல். ஆகவே ஏவிய வேலை எதுவோ அதுவே தன் வேலை எனக் கொள்ளும்போதுதான் தொண்டு தொடங்குகின்றது. உருளைக்கிழங்கு தோலுரித்தலாயினும் ஒன்றே, தேவார ஏட்டைப் படியெடுத்தலாயினும் ஒன்றே.

பெரியோர் இதனை ஏவலில் மட்டும் வைத்துவிடவில்லை. 1950-ஆம் ஆண்டு மறைந்த இரமண மகரிஷி, உலகின் பல மூலைகளினின்றும் அன்பர் தம்மை நாடிவந்த காலத்தும், விடியற்போதில் ஆசிரமச் சமையற்கூடத்தில் அமர்ந்து காய் நறுக்கியவர். சீனத்தில் 814-ஆம் ஆண்டு மறைந்த பைஜாங் என்னும் பௌத்த குரவர் முதுமையிலும் தோட்டவேலையை விடாராக, இரங்கிய மாணாக்கர் அவருடைய கருவிகளை ஒளித்துவைத்தனர் என்றும், அன்று அவர் உணவு கொள்ள மறுத்தனர் என்றும் கூறுவர். மறுநாட் கருவிகள் உரிய இடத்துக்கு வந்துவிட்டன.

இவ்விடத்து மடத்தாரை நோக்கியும் ஒரு சொல் கூறுதல் வேண்டும். ஊதியம் பெற்றுத் திருவலகிடும் ஏழைப் பணியாளரை நிறுத்திவிட்டு, ஊதியமின்றிச் செய்ய அன்பர் வருகின்றனர் என மகிழும் நிருவாகிகள் ஒருபுறம் தொண்டை வளர்த்து மறுபுறம் ஒரு குடும்பத்தின் அடுப்பை அணைக்கின்றனர். அன்பர் பணி, பணியாளர் பணிக்கு மேலாக அமையவேண்டுமேயன்றி அதற்குப் பதிலாக அமைதல் கூடாது. கூடலூரிலும் கம்பத்திலும் விடியுமுன் ஜீப் வண்டியேறிக் குமுளி மலைவழியாக ஏலத்தோட்டங்களுக்குக் கூலிவேலைக்குச் செல்லும் பெண்டிரை அவ்வழியே செல்வார் நாடோறும் காணலாம். மாலையில் மீண்டு, உலையும் வைத்து, மறுநாளும் எழும் அவர்க்கு, உடலுழைப்பால் அகந்தை தேயும் என்று கற்பிக்க மடம் வேண்டுவதில்லை. அப்பெண்டிருள் ஒருத்தி வெள்ளிக்கிழமை மாலையில் உத்தமபாளையத்துக் காளாத்தீசுவரர் சந்நிதியில் ஒருகணம் கைகூப்பி நிற்பாளாயின், பத்துநாள் விடுப்பெடுத்து வந்தவன் தன் தொண்டை அவளுடையதற்கு மேலாக வைத்தெண்ணுதல் தகாது.

இனிப் பின்னைய கூற்றுக்கு வருவோம். வீட்டிற் செய்யாதவன் மடத்திற் செய்வது கூத்தா? கூத்தாதலும் உண்டு, ஆகாமையும் உண்டு. அதனை மடத்தில் அவன் இருந்த நாட்களைக்கொண்டு துணிதல் இயலாது. முல்லைப் பெரியாற்றின் வரலாறு இதற்கு நல்லதோர் உவமை. மலைமேற் பெய்த மழையெல்லாம் மேற்கு நோக்கியோடிக் கடலிற் கலந்துகொண்டிருந்தது. கிழக்கே மலையடிவாரத்து நிலம் காய்ந்துகிடந்தது. பென்னிகுயிக் என்னும் ஆங்கிலப் பொறிவல்லார் கட்டிமுடித்த அணை 1895-ஆம் ஆண்டு முற்றுப்பெற்றது. அணை நீரைத் தேக்கியது. ஆயினும் தேங்கிய நீர் கம்பம் வயல்களுக்குத் தானே வந்துவிடவில்லை. மலையைக் குடைந்து ஒரு வழி வெட்டினர். அவ்வழியே நீர் கிழக்கே இறங்கி, வைகையிற் கலந்து, இருபோகம் விளைக்கும் வயல்களுக்கும் மதுரைக்கும் சென்றது. சின்னாள் மடவாசம் அணையைப் போன்றது. சிதறியோடும் மனம் அங்குச் சிறிது தேங்கும். தேங்கியதை மனைக்குக் கொண்டுவரும் வழி வெட்டப்படாதாயின், அது காண அழகிய ஏரியாய் மலைமேலே நிற்கும், அவ்வளவே. விடுப்பு முடிந்து வந்தவர் பலர், “அங்கு எத்துணை அமைதி!” என்று ஆண்டு முழுதும் சொல்லிக்கொண்டு, மனைவி இட்ட உணவில் உப்புக் குறைந்ததற்கு வெகுளுதலைக் காண்கின்றோம்.

வழி வெட்டப்பட்டதற்கும் சான்றுண்டு. உ. வே. சாமிநாதையர் இளமையில் திருவாவடுதுறை ஆதீனத்தின் நிழலில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடத்தும், 1876-இல் அவர் மறைந்தபின் சுப்பிரமணிய தேசிகரிடத்தும் பாடங் கேட்டவர். அவர் துறவியாக வந்தவரல்லர். சைவ மடத்துச் சீடராக வந்தவருமல்லர். ஸ்மார்த்தக் குடும்பத்துப் பிறந்த இல்லறத்தார். 1880-ஆம் ஆண்டு கும்பகோணம் கல்லூரியில் வேலை கிடைத்தவுடன் மடத்தினின்றும் சென்றார். அவரைச் சின்னாள் வாசி என்று கூறுதல் தவறாகாது. ஆயினும் 1887-இல் சீவக சிந்தாமணியும், அதன்பின் பழந்தமிழ் நூல்கள் பலவும் அச்சேறியதற்கு அம்மடத்திற் பெற்ற கல்வியே வித்தாயிற்று. மடமோ, எம்மிடத்து உண்டவன் வேற்றுச்சமய நூலாகிய சிந்தாமணியைப் பதிப்பிப்பதா என்று கதவை அடைத்துவிடவில்லை. உண்பித்த மடமும் உண்டவரும் ஒருவர் மற்றவரிடத்துக் கணக்குக் கேளாமையே அவ்வரலாற்றின் சிறப்பு.

ஒருவன் மடத்துக்குச் செல்லும் நாளில் மனையில் நோயுற்ற தாயோ, கைக்குழந்தையோடு தனித்து நிற்கும் மனைவியோ இருப்பாராயின், செல்லலாமா? செல்லலாகாது என்பதே நேரிய விடை. “சிவதொண்டு பெரிதன்றோ? உலகக்கடன் அதனைத் தடுக்குமா?” என்பார்க்குத் திலகவதியாருடைய வாழ்க்கையே மறுமொழி. தமக்கென உறுதிசெய்யப்பட்ட கலிப்பகையார் போரில் மாண்டார் எனக் கேட்டு உயிர்விடத் துணிந்த அவ்வம்மையார், தம்பியார் தனித்துவிடுவரே என்பதற்காகவே உயிர் தாங்கினார். தம்பி வளர்ந்தார், அறச்சாலை தண்ணீர்ப்பந்தர் வைத்தார், பின்னர்ச் சமணம் புக்கார். அதன்பின்னரே அம்மையார் திருவதிகைக்குச் சென்று, திருமடம் ஒன்றில் இருந்து, வீரட்டானத்துத் திருவலகும் மெழுக்குமாகிய பணிகளை மேற்கொண்டார். மனைக்கடனும் மடத்துப்பணியும் அவர் வாழ்வில் ஒன்றையொன்று தள்ளவில்லை. ஒன்று முடிந்த இடத்தில் மற்றொன்று தொடங்கியது.

தம்பியாரோ பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளியில் தருமசேனர் என்னும் பெயரோடு தலைமை பெற்று விளங்கினார். கற்றார் நிறைந்த அவ்விடத்தில் அவர்க்குக் குறைந்தது ஒன்றுமில்லை. உத்தமபாளையத்துப் பாறையில் அச்சணந்தி என்னும் சமண முனிவர் முதலாயினார் செய்வித்த தீர்த்தங்கரர் திருவுருவங்களை இன்றுங் காண்பார், அப்பள்ளிகளின் கல்வியும் ஒழுக்கமும் சிறியவை என்று கூறார். அங்கு அவர் பெற்றது பட்டமும் ஆசனமும். சூலைநோய் முடுக்கவே, அவ்வாசனத்தை விட்டு, இரவோடிரவாக யாரும் அறியாமல் திருவதிகைக்கு வந்தார். தமக்கையார் மடத்து வாயிலில் வந்து வீழ்ந்தபொழுது அவர் தொண்டு செய்ய வந்தவரல்லர், துறக்க வந்தவருமல்லர், வயிற்றுநோய் பொறாது புகலிடம் தேடி வந்தவர். மடங்களுக்கு இக்காலத்து வருவோருட் பலரும் அவ்வாறே ஏதோவொரு சூலையோடுதான் வருகின்றனர். உடலில் இல்லையாயின் உள்ளத்தில்.

அம்மையார் அவரை எழுப்பித் திருநீறு அளித்தார். வைகறையில் திருவலகும், திருமெழுக்கும், தோண்டியும் எடுத்துக்கொண்டு, தம்பியாரையும் உடன் அழைத்துக்கொண்டு வீரட்டானத்துக்குப் புறப்பட்டார். எத்தனை நாள் தங்குவாய் என்று அவர் வினவியதாகச் சேக்கிழார் கூறவில்லை.